மலையகக் கதைகளும் அன்றாடப் பதைப்பும்

மலையக இலக்கியம் பற்றி இதுகாறும் எழுந்துள்ள விமர்சனங்களை ஒருசேர வைத்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை எளிதிற் புலப்படும். வேலைநிறுத்தம், துப்பாக்கிச் சூடு, பிரஜாவுரிமைப் பறிப்பு, தாயகம் திரும்புதல் என்ற பெயரிலே நடந்த குடிபெயர்ப்பு, வன்செயல் ஆகிய பேரிடர்கள் எந்தக் கதையில் இடம்பெற்றுள்ளனவோ, அந்தக் கதை விமர்சகர்களின் கவனத்தை விரைவிற் பெற்றுவிடுகின்றது. அக்கவனம் அக்கதைகளுக்கு உரியதே. இரு நூற்றாண்டுக் காலத் துன்ப வரலாறுடைய ஒரு மக்கட் கூட்டத்தின் இலக்கியத்தில் பேரிடர்கள் முன்னிற்பது இயல்பே. ஆயின், பேரிடர் எதுவும் நிகழாத சாதாரண நாளொன்றும் அம்மக்களின் வாழ்வில் உண்டு. அந்நாளில் அவர்களுடைய உள்ளம் எவ்வாறு இருந்தது, இருக்கின்றது என்ற வினாவை நாம் போதியளவு எழுப்பினோமா?

ஹட்டன் நகரத்துக்குச் சம்பள நாளிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ தோட்டங்களிலிருந்து இறங்கி வரும் மக்களைக் கூர்ந்து நோக்குவோர் இதனை அறிவர். வங்கியிலே படிவத்தை நீட்டும்போது விரல் ஒருகணம் தயங்குகின்றது. ஆஸ்பத்திரி வரிசையிலே தன் பெயர் அழைக்கப்பட்டதும், தவறு செய்தவர்போல ஒரு தாய் திடுக்கிட்டு எழுகின்றாள். பிரதேச செயலகத்தின் வாசலில், காலணியைக் கழற்றுவதா வேண்டாவா என்று ஒரு முதியவர் யோசிக்கின்றார். நேர்முகப் பரீட்சைக்குச் சென்ற இளைஞன் தன் விலாசத்தைச் சொல்லுமிடத்துக் குரலைத் தாழ்த்துகின்றான். இவற்றுள் எதனையும் பயம் என்று சொல்ல முடியாது. மிரட்டுவோர் எவரும் எதிரே இல்லை. ஆயினும் நெஞ்சு திக்கென்கின்றது. இந்தச் சிறு பதைப்பையே நாம் இக்கட்டுரையின் பொருளாகக் கொள்கின்றோம். மலையகத்தின் சிறந்த எழுத்தாளர்கள் இதனைக் கண்டு எழுதியிருக்கின்றனர். விமர்சகராகிய நாமே இதனைப் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிட்டோம்.

நமது இலக்கண மரபு இவ்விடயத்தில் நுண்ணிய நோக்குடையது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சத்தை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் களங்களை நான்காக வகுக்கின்றது. அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன அவை. இறை என்பது அரசனையும் அவன்போல் ஆணை செலுத்துவோரையும் குறிக்கும். அதே இயலில், அவ்வெட்டுக்கும் புறம்பாக எண்ணப்படும் மெய்ப்பாடுகளிடையே வெரூஉதல், வியர்த்தல், ஐயம், நடுக்கு என்பனவும் தனித்தனியே இடம்பெறுகின்றன. அச்சம் என்ற பேருணர்ச்சி வேறு, அன்றாடம் உடலிலே தோன்றி மறையும் வெருட்சியும் வியர்வையும் ஐயமும் வேறு என்று பண்டை ஆசிரியர் கண்டிருக்கின்றார். தேயிலைத் தோட்டத்தை இவ்வகுப்பின் வழியே நோக்கினால் ஒன்று தெளிவாகும். அங்கே நான்காவது களமாகிய இறை ஏனைய மூன்றையும் விழுங்கிவிட்டது. கொழுந்து மலையிற் குளவிக்கூடு உண்டு என்று தெரிந்தும் பெண்கள் நிரையிலே இறங்குகின்றனர். சிறுத்தை நடமாடும் மலை என்று அறிந்தும் விடியலிற் புறப்படுகின்றனர். விலங்குக்கு அஞ்சுவதிலும் அன்றைய பேர் விழாமற் போய்விடுமோ என்ற அச்சமே மேலோங்கி நிற்கின்றது.

மேலைநாட்டுச் சிந்தனையாளருள் டென்மார்க்கைச் சேர்ந்த கீர்க்ககோர் 1844இல் வெளியிட்ட நூலிலே, அச்சத்துக்கும் பதைப்புக்கும் ஒரு வேறுபாடு கூறினார். அச்சத்துக்கு இன்னதென்று சுட்டத்தக்க ஒரு பொருள் உண்டு. பதைப்புக்கு அத்தகைய பொருள் இல்லை என்பது அவர் கொள்கை. பின்வந்த இருத்தலியல்வாதிகள் இதனை மனித இனத்தின் பொதுவிதியாக விரித்துரைத்தனர். தமிழிலும் சிலர் அவ்வழியே சென்று, மனிதன் என்றாலே காரணமற்ற பதைப்புடையவன் என்று எழுதி வந்தனர். ஹட்டன் வங்கியில் தயங்கும் விரலுக்கு இவ்விளக்கம் பொருந்துமா? பொருந்தாது என்பதே எமது துணிபு. அந்தப் பதைப்புக்குப் பொருள் உண்டு. அது எதிரே நிற்கவில்லை, பின்னே வரலாற்றில் நிற்கின்றது. ஆகவேதான் பதைப்பவருக்கே அது தென்படுவதில்லை.

இவ்வுண்மையைக் கலைவடிவில் நன்கு உணர்ந்தவர் செக்கோவ். 1883இல் அவர் எழுதிய சிறுகதையொன்றில், அரங்கிலே அமர்ந்திருக்கும் ஒரு குமாஸ்தா தும்மிவிடுகின்றான். முன்வரிசையில் இருந்த தளபதி ஒருவர்மீது அது தெறித்துவிட்டதென்று எண்ணி மன்னிப்புக் கோருகின்றான். அவர் பொருட்படுத்தவில்லை. எனினும் அவன் மீண்டும் மீண்டும் சென்று மன்னிப்புக் கேட்கின்றான். இறுதியில் அவர் சினந்து விரட்ட, வீட்டுக்குத் திரும்பி இறந்துபோகின்றான். மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது நகைச்சுவை. ஜார் ஆட்சியின் பதவிப் படிநிலையை அறிந்தோர்க்கு இது சமுதாய வரலாறு. அதிகாரத்தின் முன் நிற்கும் மனிதனிடத்தே எத்தனை தலைமுறைப் பணிவு ஊறிக்கிடந்தது என்பதை ஒரு தும்மலிலே காட்டிவிட்டார் அவர். தளபதி கொடியவரல்லர் என்பதே அக்கதையின் கூர்மை. மேலதிகாரி நல்லவராயிருந்தும் பணியாளன் பதறுகின்றானெனின், குற்றம் தனிமனிதரைக் கடந்து நிற்கின்றது.

மலையகத்துப் பதைப்பின் வேர்களைத் தேடுவோமாயின் அவை மிகத் திட்டவட்டமானவை. முதலாவது வேர் துண்டு. தொழிலாளி ஒருவர் ஒரு தோட்டத்திலிருந்து நீங்கி இன்னொரு தோட்டத்திலே வேலை பெறுவதற்குத் தம் கடன் தீர்ந்தமையைக் காட்டும் துண்டு வேண்டியிருந்தது. கங்காணியின் கணக்கிலே கடன் தீராதவரையில் துண்டும் இல்லை, நடக்க வழியும் இல்லை. 1921இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் ஒரு காகிதம் இல்லையேல் தாம் எவருமிலர் என்ற உணர்வு சட்டத்தோடு ஒழிந்துவிடவில்லை.

இரண்டாவது வேர் தோட்டத்தின் எல்லை. தோட்டம் தனியார் நிலம். அதன் பாதைகளும் லயங்களும் துரையின் ஆட்சிக்கு உட்பட்டவை. வெளியார் உள்ளே வருதல் அத்துமீறல் எனப்பட்டது. கோ. நடேசய்யர் துணி வியாபாரிபோலத் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார் என்று வழங்கும் செய்தியின் உட்பொருள் இதுவே. தம்மவரைக் காண வருபவனும் வேடமிட்டு வரவேண்டியிருந்தது. அவர் 1931இல் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவியதும், அவர் துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களிலே பாடல்கள் பாடித் தொழிலாளரைத் திரட்டியதும் வரலாறு. மேடையேறி ஒரு பெண் பாடினார் என்ற செய்தியை இன்று நாம் இலகுவாகப் படித்துவிடுகின்றோம். அன்று கூட்டத்தில் நின்று அதைக் கேட்டவர்களின் நெஞ்சு எவ்வாறு அடித்திருக்கும் என்பதையும் சேர்த்துப் படித்தாலன்றி அந்நிகழ்ச்சியின் பெருமை முழுமையாக விளங்காது.

மூன்றாவது வேர் பிரஜாவுரிமை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டமும் அதனைத் தொடர்ந்து 1949இல் வந்த சட்டங்களும் ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்களை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இருநாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி இன்னொரு நாட்டுக்கும் உரியவராயினர். நாடற்றோர் பிரச்சினை சட்டத்தளவில் முற்றாகத் தீர்வதற்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. பின்னர் யுத்த காலத்திலே, தேசிய அடையாள அட்டை இல்லாத மலையக இளைஞர் சோதனைச் சாவடிகளில் நின்ற நிலையை எல்லோரும் அறிவர். இத்தனையும் கடந்து வந்த ஒரு குடும்பத்திலே, அலுவலகப் படிவத்தைக் கையில் எடுத்ததும் ஒருவருக்கு உள்ளூர வியர்க்குமாயின், அதனை அவரது சுபாவம் என்று கூறுவது பேதைமை.

இனி இலக்கியத்துக்கு வருவோம்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்டு புதுமைப்பித்தன் எழுதிய ‘துன்பக் கேணி’ 1935இல் மணிக்கொடியில் வெளிவந்தது. தோட்டத் தொழிலாளரின் அவலத்தைத் தமிழகத்து வாசகர் முன்வைத்த முன்னோடிப் படைப்பு என்ற வகையில் அதன் சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஆயின் அதிலே துன்பம் கேணியாகவே வருகின்றது. விழுந்தவர் மூழ்கும் ஆழம் காட்டப்படுகின்றது. கேணியின் கரையிலே நாள்தோறும் நடப்பவரின் கால் நடுக்கம் காட்டப்படவில்லை. அதனைக் காட்டுவதற்கு அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள் எழுதவேண்டியிருந்தது.

ஸி. வி. வேலுப்பிள்ளை அவ்வாறு பிறந்தவர். பூண்டுலோயாவை அடுத்த மடக்கும்புரத் தோட்டத்திலே 1914இல் தோன்றிய அவர், 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். தம்மைத் தெரிந்தெடுத்த மக்களின் வாக்குரிமை ஓரிரு ஆண்டுகளுக்குள் பறிக்கப்பட்டதைக் கண்ணாற் கண்டவர். தேயிலைத் தோட்டத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் இயற்றிய நெடும்பாடலின் தொடக்கத்திலே விடியல் அமைதியாக வருவதில்லை, தப்பொலி கேட்டு வெருண்டே வருகின்றது. மலைநாட்டின் விடியலைப் பனியும் பசுமையுமாக வருணித்த சுற்றுலா எழுத்துகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. பிரட்டுக்குப் பிந்தினால் அன்றைய வேலை இல்லை என்று அறிந்தவனுக்கே விடியல் அவ்வாறு தோன்றும். 1981இல் நூலுருப்பெற்ற அவருடைய நாவலுக்கு ‘வீடற்றவன்’ என்று பெயர். அத்தலைப்பே நமது பொருளுக்கு ஒரு திறவுகோல். தொழிலாளி வாழும் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தமானது. வேலை போயிற்றெனின் கூரையும் போயிற்று. கூரைக்கடியிலே இருக்கும்போதே வீடற்றவனாய் இருத்தல் என்ற நிலையிலிருந்து பிறக்கும் நிலைகொள்ளாமை, வாடகை வீட்டுக்காரனின் கவலையோடு ஒப்பிடத்தக்கதன்று. வாடகைக்காரன் வேறு வீடு தேடலாம். வேலையோடு கூரையையும் பிணைத்து வைத்த அமைப்பிலே தொழிலாளிக்கு அந்த வழியும் அடைக்கப்பட்டிருந்தது.

என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ இவ்வகையில் மிகவும் கருதத்தக்க சிறுகதை. வழக்கத்துக்கு மேலாகக் கொழுந்தெடுத்துவிட்ட ஓர் இளம்பெண்ணின் நிறையைப் பிறர் ஐயுறுவதே கதையின் முடிச்சு. அங்கே கொலை இல்லை, பட்டினிச் சாவு இல்லை, துரையின் சவுக்கும் இல்லை. தராசின் முன் நிற்கும் ஒரு பெண்ணும், அவள் உழைப்பை அவளுடையதென்று நம்ப மறுக்கும் பார்வைகளுமே உள்ளன. குறைத்து எடுத்தால் அரைப் பேர். கூட எடுத்தால் சந்தேகம். உழைப்பின் அளவு எதுவாயினும் அது பிறரால் அங்கீகரிக்கப்படவேண்டும் என்ற நிலையிலே, தராசு முள் ஆடும் அந்தக் கணம் ஒவ்வொரு நாளும் ஒரு சிறு விசாரணையாகின்றது. இராமையா இதனை உரத்துச் சொல்லவில்லை. உழைப்பவளின் தன்மானத்தை அந்தத் தராசருகிலே நிறுத்திக் காட்டினார். இது 1960களின் தொடக்கத்தில் எழுந்த கதை. ஆயினும் 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட பின்னர், குறித்த நிறை எட்டாதவருக்கு அரைப் பேரே போடப்படுகின்றது என்ற முறைப்பாடு தோட்டங்களில் எழுந்தபோது, அக்கதையின் தராசு இன்னும் ஆடிக்கொண்டிருப்பதை உணர்ந்தோம்.

தெளிவத்தை ஜோசப் இப்பதைப்பைக் காம்பராவுக்குள்ளேயே கொண்டுசென்றவர். அவருடைய ‘மீன்கள்’ ஒற்றைக் காம்பராவிலே வளர்ந்த பிள்ளைகளோடு நெருக்கியடித்து வாழும் குடும்பத்தின் இரவைப் பற்றியது. கணவனும் மனைவியும் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கும் கூசவேண்டிய நெருக்கடி அதிலே வருகின்றது. இக்கதையை ஒழுக்கப் பிரச்சினையாகக் கருதி முகஞ்சுளித்தவர்களும் உண்டு. பத்தடி அறையொன்றில் ஒரு முழுக் குடும்பத்தையும் அடைத்துவைத்தது எந்த ஒழுக்கம் என்று அவர்கள் கேட்டிருந்தால், நாணம் என்ற உணர்ச்சிக்கும் இடவசதி வேண்டும் என்பதைக் கண்டிருப்பர். பிற்காலத்தே 2010இல் வெளிவந்த ‘குடைநிழல்’ நாவலிலே, அவர் அதே நிலைகொள்ளாமையைக் கொழும்பில் வாழும் தமிழ்க் குடும்பமொன்றின் மீது படியும் சந்தேகமாகக் கண்டார். லயத்திலிருந்து தலைநகர் வரை இடம் மாறியது. ‘நான் இங்கு இருக்கலாமா’ என்ற கேள்வி மாறவில்லை.

இவ்வெழுத்துகளைப் போற்றுமிடத்து, வேறு இருவகை எழுத்துகளின் குறையையும் சுட்டாதிருத்தல் நேர்மையாகாது. ஒருவகையினர் மலையக மக்களின் தயக்கத்தை ‘வெள்ளந்தித்தனம்’ என்று பாராட்டுகின்றனர். கைகட்டி நிற்பவர்களைப் பண்பாளர்கள் என்றும், தலைநிமிராதவர்களை அடக்கமுடையோர் என்றும் வருணிக்கின்றனர். காயத்தை ஆபரணமென்று மெச்சும் இரக்கம் இது. அம்மக்கள் நாளைக்கு நிமிர்ந்து கேள்வி கேட்டால், இதே எழுத்தாளர்கள் பண்பாடு கெட்டுவிட்டதென்று வருந்துவர்.

மற்றொரு வகையினர் நமது அணியைச் சார்ந்தோரே. முதற் பக்கத்திலே நடுங்கும் தொழிலாளி, கடைசிப் பக்கத்தில் ஒரு கூட்டத்தைக் கேட்டதும் சிங்கமாகிவிடுகின்றார். நடுக்கம் எங்கே போயிற்று? எழுத்தாளரின் விருப்பத்தினாலே அது ஆவியாகிவிட்டது. உண்மையிலோ வேலைநிறுத்த நாளன்றும் நெஞ்சு படபடக்கும். படபடத்துக்கொண்டே கால் முன்னே செல்லும். அந்தப் படபடப்பை நீக்கிவிட்டு எழுதப்படும் வீரம், அதே படபடப்போடு கூட்டத்துக்கு வந்த ஆயிரக்கணக்கானோரின் துணிவைச் சிறுமைப்படுத்துவதாகும். தனியே நிற்கையிலே திணறும் குரல், பத்துப்பேரோடு நிற்கையிலே தெளிவடைவது எங்ஙனம் என்ற படிமுறையைக் காட்டும் கதையே இயக்கத்துக்குப் பயன்படும். தொழிற்சங்கம் என்பது சம்பளத்தை மட்டும் உயர்த்திய நிறுவனமன்று. துரையின் கண்ணை நேரே நோக்கிப் பேசும் பழக்கத்தையும் அது கற்பித்தது. இந்தக் கல்வி நடந்த விதத்தை விரிவாக எழுதிய நாவல் நமக்கு இன்னும் தேவை.

இன்னொரு கோணமும் உண்டு. இச்சிறு பதைப்பு முற்றிலும் ஒழித்துக்கட்டவேண்டிய நோய்தானா? அதனுள்ளே அறிவும் பொதிந்திருக்கின்றது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29ஆம் திகதி, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானதென்று அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. அடைமழை பெய்யும் இரவில் லயத்துத் தாய் உறங்காமல் மண்ணின் ஓசையைக் கேட்டுக் கிடப்பாளாயின், அவளை வீணாகப் பயப்படுபவள் என்று யார் சொல்லலாம்? பயப்படாதே என்று அவளைத் தேற்றுவது எளிது, செலவில்லாதது. பாதுகாப்பான நிலத்திலே அவளுக்கு ஒரு வீடு அமைப்பதுதான் செலவும் போராட்டமும் வேண்டுவது. மக்களின் பதைப்பை மனவியல் ஆலோசனையினால் மட்டும் தணித்துவிடலாம் என்று கருதும் இக்காலப் போக்கின் போதாமை இங்கேதான் வெளிப்படுகின்றது. ஆலோசனை வேண்டாமென்று நாம் கூறவில்லை. பதைப்பு உண்மையைச் சொல்லும்போது, அதனை அமைதிப்படுத்துவதற்குமுன் செவிமடுக்கவேண்டும் என்றே கூறுகின்றோம்.

இக்கட்டுரையைப் படிப்போருள் ஆசிரியர்களும் மாணவர்களும் மிகுதி. அவர்களிடத்து நமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மலையகப் பாடசாலைகளில் கேள்விக்கு விடை தெரிந்தும் எழுந்து நின்றதும் வாயடைத்துப்போகும் பிள்ளைகளை எல்லா ஆசிரியர்களும் கண்டிருப்பர். அதனை மந்தம் என்று குறித்துவைப்பது எளிது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி 1970களின் பிற்பகுதியிலேதான் தொடங்கியது என்பதையும், அதற்குமுன் மூன்று நான்கு தலைமுறையினர் ஓரிரு வகுப்புகளோடு கொழுந்து மலைக்கு அனுப்பப்பட்டனர் என்பதையும் அறிந்த ஆசிரியர் அவ்வாறு குறிக்கமாட்டார். அந்த மௌனத்திலே தாத்தாவின் பிரட்டுக் களமும் இருக்கின்றது. கேள்வி கேட்பவர் தண்டிப்பவராகவே இருந்த இடம் அது. கேள்வி கேட்பவர் கற்பிப்பவராகவும் இருக்கலாம் என்பதைப் பிள்ளை நம்புவதற்குக் காலம் வேண்டும், ஆசிரியரின் பொறுமையும் வேண்டும்.

வகுப்பறையில் இராமையாவின் கதையையோ ஜோசப்பின் கதையையோ படிக்கும்போது, கதாபாத்திரங்களின் பண்புநலன்களை எழுதுக என்ற வழமையான வினாவோடு நின்றுவிடாமல், இந்தப் பெண்ணின் நெஞ்சு ஏன் அடிக்கின்றது, யார் முன்னிலையில் அடிக்கின்றது, அவருக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். பிள்ளைகள் தங்கள் வீட்டிலிருந்தே விடை கொண்டுவருவர். லயக் காம்பராவுக்குத் தனி விலாசம் இல்லாமையால் கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்கே போய்ச் சேரும் நிலை பல இடங்களில் உண்டு. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, பரீட்சை முடிந்த பின்னர் கைக்கு வந்த கதைகளை மலையக மாணவர் பலர் சொல்வர். தபால் வரும் நாளெல்லாம் பதறும் அந்த இளைஞனின் பதைப்புக்கு மருந்து, ஒரு துண்டு நிலமும் அதன்மேல் அவன் பெயரில் ஒரு வீடும் அவ்வீட்டுக்கு ஓர் இலக்கமும் ஆகும். காணியுரிமைக் கோரிக்கையை வெறும் பொருளாதாரக் கோரிக்கையாகக் காண்போர் இதனைச் சிந்திக்கவேண்டும். மனிதன் தன் விலாசத்தை உரத்த குரலிற் சொல்லக்கூடிய நிலையும் அக்கோரிக்கையின் பகுதியே.

எழுதவிருக்கும் இளைஞர்களுக்கும் இதுவே நாம் கூற விரும்புவது. பெருநிகழ்ச்சிகளை எழுதுங்கள், அவை எழுதப்படவேண்டியவை. அவற்றோடு, ஹட்டன் பஸ் நிலையத்திலே சிங்களத்தில் மட்டும் எழுதப்பட்ட ஓர் அறிவித்தலின் முன் நிற்கும் முதியவளின் அரை நிமிடத்தையும் எழுதுங்கள். அருகே நிற்பவரிடம் கேட்கலாமா, கேட்டால் என்ன நினைப்பாரோ என்று அவள் தயங்கும் அந்த அரை நிமிடத்தில் 1956ஆம் ஆண்டின் மொழிச் சட்டம் இருக்கின்றது. தமிழும் ஆட்சிமொழி என்று 1987இல் அரசியலமைப்பிலே எழுதப்பட்ட பின்னரும் அது அங்கிருந்து நீங்கவில்லை. அருகே நிற்கும் சிங்களப் பெண்ணொருத்தி அவளது தயக்கத்தைக் கண்டு தானாகவே முன்வந்து பஸ்ஸைக் காட்டிவிடுவதும் அந்நிலையத்தில் நடப்பதுண்டு. அதனையும் மறவாமல் எழுதுங்கள்.